வீதியோரக் கன்றும் மலையோரக் கன்றும்

சென்ற வாரம் என் தங்கையின் மகள் ஓர் அப்பியாசக் கொப்பியுடன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். க.பொ.த. சாதாரணதர வகுப்பில் படிக்கும் பெண். வந்ததும் வராததுமாக முற்றத்துக்குச் சென்று, அங்கு நிற்கும் அரோக்கேரியாக் கன்றை அடிமட்டத்தால் அளந்தாள். உள்ளே வந்து என் முன்னே கொப்பியை விரித்தாள். அதில் இரண்டே வரிகள் இருந்தன. "மலை வீட்டுக் கன்று: 68 சென்ரிமீற்றர். வீதி வீட்டுக் கன்று: 41 சென்ரிமீற்றர்." அவற்றின் கீழே கோடிட்டு, "காரணம்: பஸ் புகை" என்று முடித்திருந்தாள்.

"மாமா, சரியென்று ஒரு கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். திங்கட்கிழமை விஞ்ஞான ஆசிரியைக்குக் காட்ட வேண்டும்" என்றாள்.

இந்தக் கன்றுகளின் வரலாற்றை முதலிற் சொல்லிவிடுகிறேன். நத்தார்க் காலத்தில் கண்டி நகரில் சிறு சாடிகளில் ஊசியிலைக் கன்றுகள் விற்பனைக்கு வருவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்தவற்றுள், ஒரே உயரமும் ஒரே பச்சையும் உடைய இரண்டை வாங்கினேன். ஒன்றை ஹந்தானைச் சரிவிலுள்ள எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தேன். மற்றதைக் கட்டுக்கலையில், பெருவீதியை ஒட்டியுள்ள தங்கையின் வீட்டுக்குக் கொடுத்தேன். எங்கள் கன்று தட்டுத் தட்டாகக் கிளை விரித்து வளர்ந்தது. தங்கை வீட்டுக் கன்றோ அடிக்கிளைகள் பழுப்பேறி, நோயாளிப் பிள்ளை போல் மெலிந்து நிற்கிறது.

"சரியென்றும் போடமாட்டேன், பிழையென்றும் போடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்துக்கொள். பத்திரிகையில் பதில் வரும்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பதிலே இவ்வாரக் கட்டுரை. அவளுக்கு எழுதுவதாயினும், அவள் வயதுடைய மாணவர் யாவருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

*

ஊசியிலை மரங்கள் நமக்கு விருந்தாளிகள். இலங்கைத் தீவின் காடுகளில் இயற்கையாக முளைத்த ஊசியிலை மரம் ஒன்றேனும் இல்லை. தென்னிந்தியாவின் மேற்கு மலைத்தொடரிலும் ஒரே ஓர் இனந்தான் இயல்பாக வளர்கிறது. நாம் காணும் பைன், சைப்பிரஸ், அரோக்கேரியா யாவும் கப்பலேறி வந்தவை.

1821இல் தொடங்கப்பட்ட பேராதனைத் தாவரப் பூங்காவுக்குச் சென்றோர், வரிசையாக நிற்கும் குக் பைன் மரங்களைக் கண்டு சிரித்திருப்பீர்கள். கள்ளுண்டவர்போல் வளைந்தும் சாய்ந்தும் அவை நிற்கும். பசிபிக் சமுத்திரத்தின் நியூ கலிடோனியாத் தீவுகளே அவற்றின் தாயகம். பெயரிற் பைன் என்றிருப்பினும் அவையும் அரோக்கேரியாக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. எங்கள் வீட்டுக் கன்றுகளுக்கு உறவினர் எனலாம்.

ஹந்தானையின் மேற்சரிவுகளிலுள்ள பைன் காடு வேறு இனத்தது. மத்திய அமெரிக்காவையும் கரிபியன் தீவுகளையும் தாயகமாகக் கொண்டது. பெரும்பாலும் மும்மூன்றாகச் சேர்ந்த நீண்ட ஊசிகள் அதற்குண்டு. தேயிலை கைவிடப்பட்டுப் புல் மண்டிய சரிவுகளில் 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் இம்மரம் பெருமளவில் நடப்பட்டது. மலைநாட்டு மக்கள் "பைனஸ்" என்பது இதனைத்தான்.

*

இனி, புகை ஓர் ஊசியிலைக் கன்றை என்ன செய்யும் என்பதைப் பார்ப்போம்.

பலா இலையும் மா இலையும் அகன்றவை. ஊசியிலையோ தடித்து ஒடுங்கியது. மேலே மெழுகு பூசப்பெற்றது. மூச்சுவிடும் இலைவாய்கள் மேற்பரப்பிற்குச் சற்றுத் தாழ்வாக, சிறு குழிகளுக்குள் அமைந்திருக்கும். குளிரிலும் வரட்சியிலும் நீரைக் காத்துக்கொள்ள இயற்கை செய்த ஏற்பாடு இது. வாகனப் புகையின் நுண்கரி அக்குழிகளிற் படிந்தால், மழையும் அதனை எளிதிற் கழுவிவிடாது. கரித்தூள் இலையை மூடுவதால் வெளிச்சமும் குறையும்.

இரண்டாவது இடர், ஊசியின் நீண்ட ஆயுள். வட நாடுகளின் ஸ்புரூஸ் மரத்தில் ஓர் ஊசி ஐந்தாறு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ உயிருடன் இருப்பதுண்டு. ஆண்டுதோறும் இலையுதிர்க்கும் மரம் தன் அழுக்காடையை ஆண்டுக்கொரு முறை களைந்துவிடுகிறது. ஊசியிலை மரமோ ஒரே ஆடையைப் பல ஆண்டுகள் உடுத்துகிறது. குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் லார்ச் என்னும் ஊசியிலை மரம் புகையை ஓரளவு தாங்குவது இதனால்தான்.

கரியைவிடக் கண்ணுக்குத் தெரியாத வாயுக்களே கொடியவை. அவற்றுள் மூன்று முக்கியமானவை.

முதலாவது கந்தகவீரொட்சைட்டு. நிலக்கரியிலும் டீசலிலும் உள்ள கந்தகம் எரிவதால் உண்டாவது. இலைவாய் வழியே புகுந்து, உள்ளேயுள்ள ஈரத்திற் கரைந்து அமிலமாகிப் பச்சையத்தைக் கெடுக்கும். ஊசியின் நுனி சிவந்து கருகுவது இதன் அடையாளம்.

இரண்டாவது நைதரசனின் ஒட்சைட்டுக்கள். நைதரசன் பயிருக்கு உரமல்லவா என்று மாணவர் கேட்கலாம். உரந்தான், ஆயினும் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. காற்றின் வழியாக மண்ணிற் சேரும் மிகை நைதரசனால் தண்டு கொழுக்கும்; வேர் அதற்கேற்ப வளராது. பைன் மரங்களின் வேரோடு கூடி வாழ்ந்து, மண்ணின் சத்துக்களை உறிஞ்சிக் கொடுக்கும் பங்கசுகளும் குறைந்துபோகும். இந்தத் துணையின்றிப் பைன் கன்று தழைக்காது. வெப்ப நாடுகளில் முதன்முதல் பைன் நட்டபோது கன்றுகள் பல இடங்களில் வளராது நின்றன. பழைய பைன் காட்டு மண்ணைக் கொணர்ந்து கலந்த பின்னரே தேறின.

மூன்றாவது ஓசோன். வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே வாயுதான். ஆனால் வாகனப் புகையின் வாயுக்கள் மீது வெயில் படும்போது நிலமட்டத்திலும் அது உண்டாகிறது. இலையுள் புகுந்து கலங்களின் மென்சவ்வைச் சிதைக்கிறது. ஊசியில் மஞ்சட் புள்ளிகள் தோன்றும். பழைய ஊசிகள் காலத்துக்கு முன்பே உதிரும்.

இவை யாவும் பெருமரத்துக்கும் பொதுவானவைதாமே. இளங்கன்றுக்கு மட்டும் என்ன தனித்துன்பம்? பெருமரத்துக்குச் சேமிப்புண்டு. சில கிளைகள் பழுதானாலும் ஏனையவை உழைத்து ஈடுசெய்யும். கன்றின் ஊசிகள் சில நூறே, வேரோ நூலளவு. வாகனங்களின் புகைக்குழாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்திலேயே அதன் தலையும் இருக்கிறது. நஞ்சுபட்ட கன்று, தான் சமைத்த சீனியை முதலில் இலைகளின் பழுது பார்க்கவே செலவிடுகிறது. வேருக்கு அனுப்பும் பங்கு குறைகிறது. ஆதலால் மேலே பச்சையாகத் தோன்றும் கன்று கீழே வறுமைப்பட்டிருக்கும். மழை பொய்த்த மாதமொன்று வந்ததும் வாடி விழும். பார்ப்பவர் "வெயிலிற் பட்டுவிட்டது" என்பர். வெயில் வந்தது இறுதியில். நோய் வந்தது முன்னரே.

*

உலகம் இதனை எவ்வாறு கற்றுக்கொண்டது என்பது சுவையான கதை.

இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரப் பூங்காவின் புகழை அறியாதார் இலர். பேராதனைப் பூங்காவோடு நெடுங்காலத் தொடர்புடைய நிலையம் அது. அங்கே உலகெங்குமிருந்து சேர்த்த ஊசியிலை மரங்கள், இலண்டன் மாநகரின் நிலக்கரிப் புகையால் நலிந்தன. வேறு வழியின்றி 1925ஆம் ஆண்டில் கெண்ட் மாவட்டத்திலுள்ள பெட்ஜ்பரி என்னுமிடத்தில் ஊசியிலை மரங்களுக்கெனத் தனித் தோட்டம் அமைக்கப்பட்டது. மரங்கள் நகரைவிட்டுக் குடிபெயர்ந்தன. மனிதர் பெயரவில்லை. 1952 டிசம்பரில் இலண்டனை ஐந்து நாட்கள் மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் பின்னரே 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. மரங்கள் முன்னதாகவே சொன்ன சேதியை மக்கள் கேட்க முப்பது ஆண்டுகள் சென்றன.

கனடாவில் ட்ரெயில் என்னும் ஊரின் உலோக உருக்காலை விட்ட கந்தகப் புகை, எல்லை கடந்து ஐக்கிய அமெரிக்காவின் காடுகளைத் தாக்கியது. இரு நாடுகளுக்குமிடையே எழுந்த வழக்கில் நடுவர் மன்றம் 1938இலும் 1941இலும் தீர்ப்புகள் வழங்கியது. பட்டுப்போன மரங்கள் மட்டுமன்றி, உயிருள்ள மரங்களின் வளர்ச்சி குன்றியதும், புதிய கன்றுகள் முளையாமற் போனதும் அங்கே ஆராயப்பட்டன. ஓர் அரசு தன் நிலத்திலிருந்து எழும் புகையால் அயல்நாட்டுக்குக் கேடு விளைவிக்கலாகாது என்ற நியதிக்கு, சட்ட மாணவர்கள் இன்றும் இவ்வழக்கையே எடுத்துக்காட்டுகின்றனர்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிழக்கேயுள்ள மலைகளில், 1950களில் பைன் மரங்களின் ஊசிகள் மஞ்சள் பூத்து உதிர்ந்தன. பூச்சியோ கிருமியோ காரணமென முதலில் எண்ணினர். கிளைகளை ஓசோன் வாயுவில் வைத்துச் சோதித்த பின், 1960களின் தொடக்கத்தில் உண்மை வெளியாயிற்று. நகரில் எழுந்த மோட்டார்ப் புகை, வெயிலில் ஓசோனாக மாறி, காற்றோடு மலையேறியிருந்தது.

1980களில் ஜேர்மனியில் ஸ்புரூஸ் மரங்களும் வெள்ளி பேர் மரங்களும் மெலிந்தபோது, நாட்டின் காடுகளெல்லாம் அழிந்தொழியும் என்று அஞ்சினர். அமில மழை மண்ணிலுள்ள மகனீசியத்தையும் கல்சியத்தையும் கழுவிச் சென்றதும் ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. அனல் மின்னிலையங்களின் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கச் சட்டம் செய்தனர். அஞ்சியபடி காடுகள் முற்றாக அழியவில்லை. அச்சம் சற்று மிகைப்பட்டிருக்கலாம். ஆயினும் அச்சத்தால் எழுந்த செயல் வீண்போகவில்லை.

*

இனிக் கண்டிக்கு வருவோம்.

நம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்துள் அமைந்தது. தெற்கே ஹந்தானை, வடக்கே உடவத்தைக்கலைக் காடு, மேற்கே பஹிரவகந்தை. பகைவர் நுழையாதிருக்க மன்னர் தேர்ந்த இடம் இது. பகைவரை மறித்த அதே மலைகள் இன்று புகையையும் வெளியேறவிடாது மறிக்கின்றன. தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் பள்ளத்தாக்கின் தரை விரைந்து குளிரும். குளிர்ந்த காற்று கீழே தங்க, வெம்மையான காற்று அதன்மேல் மூடிபோல் அமரும். காலையில் பாடசாலை நேரத்தில், ஒடுங்கிய வீதிகளில் ஊர்ந்து செல்லும் பஸ்களும் லொறிகளும் வான்களும் முச்சக்கரவண்டிகளும் விடும் புகை யாவும் அந்த மூடியின் கீழேயே நிற்கும். ஹந்தானை வீதியின் திருப்பமொன்றில் நின்று அதிகாலையில் நகரைப் பாருங்கள். வாவியின் மேல் தெரியும் மெல்லிய திரை யாவும் பனியன்று.

பேராதனைப் பல்கலைக்கழக இரசாயனவியலாளர்கள் இக்காற்றை நெடுங்காலமாக அளந்து எச்சரித்து வந்துள்ளனர். முன்னேற்றமே இல்லையென்று கூறுவதும் நேர்மையன்று. ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. இரட்டை வீச்சு எஞ்சின் கொண்ட முச்சக்கரவண்டிகளின் இறக்குமதி 2008இல் தடைசெய்யப்பட்டது. வாகனப் புகைப் பரிசோதனையும் அவ்வாண்டிலேயே தொடங்கியது. எனினும் வாகனங்கள் பெருகின, வீதிகள் பெருகவில்லை. அத்துடன் பிறர் புகையும் நம்மை வந்தடையும். 2022 டிசம்பரில் வடக்கேயிருந்து வந்த மாசுக்காற்று நாட்டை மூடியபோது, ஒரு நாள் நாடெங்கும் பாடசாலைகளை மூட நேர்ந்ததை மாணவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

*

இவ்வளவும் சொன்ன பிறகு, மருமகளின் கொப்பியில் "சரி" என்று போடலாமல்லவா? போடமாட்டேன்.

ஏன்? பேராதனையின் குக் பைன் மரங்களை மீண்டும் நினையுங்கள். அவை சாய்ந்து நிற்பதற்குப் புகை காரணமன்று. உலகின் பல பாகங்களில் நிற்கும் குக் பைன் மரங்களை அளந்தோர் 2017இல் ஒரு விந்தையை வெளியிட்டனர். வட கோளத்தில் நிற்பவை தெற்கு நோக்கியும், தென் கோளத்தில் நிற்பவை வடக்கு நோக்கியும், அதாவது பூமத்திய கோட்டை நோக்கியே பொதுவாகச் சாய்கின்றன. சாய்ந்த மரத்தைக் கண்டவுடன் "புகைதான்" என்று தீர்ப்புக் கூறியிருந்தால் நாம் வெட்கப்பட நேர்ந்திருக்கும்.

எங்கள் இரு கன்றுகளும் புகையில் மட்டுமா வேறுபடுகின்றன? மலை வீட்டில் காலை வெயில் உண்டு. வீதி வீட்டில் மாடிக் கட்டடத்தின் நிழல். இங்கே மண்ணில் நட்டோம். அங்கே சாடியிலேயே விட்டனர். ஹந்தானையின் குளிரும் மழைப்பனியும் கட்டுக்கலையில் இல்லை. நான் நாள்தோறும் நீர் வார்க்கிறேன். தங்கை வேலைக்குப் போகும் அவசரத்தில் மறந்துவிடுவாள். இத்தனை வேறுபாடுகளுள் ஒன்றை மட்டும் பிடித்து வந்து குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது விஞ்ஞானமாகாது. இரண்டே கன்றுகளை வைத்துத் தீர்ப்பும் கூற இயலாது.

ஆராய்ச்சியாளர் செய்யும் முறை வேறு. ஒரே விதையிற் பிறந்த பல கன்றுகளை, ஒரே மண், ஒரே நீர், ஒரே வெளிச்சத்தில் வளர்ப்பர். மேற்புறம் திறந்த கண்ணாடிக் கூடுகளுள் வைத்து, ஒரு பகுதிக்கு வடிகட்டிய காற்றையும் மறு பகுதிக்கு வெளிக்காற்றையும் செலுத்துவர். ஈற்றில் உயரத்தோடு நில்லாமல், வேரையும் கழுவி எடுத்து, உலர்த்தி நிறுப்பர். புகையின் கணக்கு பெரும்பாலும் வேரிலேதான் எழுதப்பட்டிருக்கும்.

நம்மிடம் கண்ணாடிக் கூடு இல்லை. ஆயினும் வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்றுண்டு. புதிய கன்றுகள் பன்னிரண்டை வாங்கி, ஒரே அளவான சாடிகளில் ஒரே மண்ணை இட்டு, ஆறை அங்கும் ஆறை இங்கும் வைப்போம். வெளிச்சம் ஒத்த இடத்தைத் தேடுவோம். நீரை ஒரே குவளையால் அளந்து விடுவோம். வீதியோரக் கன்றுகள் மூன்றின் இலைகளை வாரம் ஒருமுறை மென்மையாகக் கழுவுவோம். ஏனைய மூன்றைக் கழுவாது விடுவோம். ஆறு மாதத்தின் பின் இடங்களை மாற்றிவைப்போம். அப்போதும் முடிந்த முடிபு கிடைக்கும் என்று உறுதி கூறேன். இன்றைய ஊகத்தைவிட ஒரு படி மேலேறியிருப்போம்.

*

இக்கட்டுரையை எழுதும் முன் தங்கையின் வீட்டுக்குச் சென்று வந்தேன். வெள்ளைத் துணியொன்றை நனைத்துக் கன்றின் கிளையொன்றை மெல்லத் துடைத்தேன். துணி அடுப்படிக் கைப்பிடித்துணி போலக் கறுத்தது. வீட்டுக்கு வந்து எங்கள் கன்றையும் துடைத்தேன். அங்கும் துணி வெள்ளையாக இருக்கவில்லை. சாம்பல் நிறம் கண்டது. மேலே வாழ்கிறோம், தப்பிவிட்டோம் என்ற என் எண்ணமும் அத்தோடு மங்கிற்று. அமெரிக்க மலைகளுக்கு ஓசோன் ஏறிச் சென்ற கதையை எழுதியவனே நானல்லவா?

இதனை மருமகளிடம் காட்டி, "கன்று ஏன் வளரவில்லை என்பதற்கு இது நிரூபணமன்று. ஆனால் கன்றின்மேல் என்ன விழுகிறது என்பதற்கு இது சாட்சி" என்றேன்.

அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். அவளுக்கு ஏழு வயதில் ஒரு தம்பி உண்டு. இரவில் இழுப்பு வந்தால், அவனை மடியில் இருத்தி மருந்துப் புகையை உறிஞ்சச் செய்பவள் அவளே. "சாடியைத் தூக்கி இங்கே கொண்டுவந்துவிடலாம், மாமா. தம்பியை எங்கே கொண்டு போவது?" என்று கேட்டாள்.

அவள் ஏன் அவ்வளவு அவசரமாகக் காரணம் எழுதினாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கன்றுக்குச் சொன்னவற்றுட் பல சிறுவருக்கும் பொருந்தும். உடலின் எடைக்கு ஏற்பப் பார்த்தால், பெரியோரைவிடக் குழந்தைகள் மிகுந்த காற்றைச் சுவாசிக்கின்றனர். அவர்களின் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. புகைக்குழாயின் உயரத்துக்கு அண்மையில் அவர்கள் முகமும் இருக்கிறது. தம்பியின் இழுப்புக்கு வீதிப் புகைதான் காரணமென்று நான் கூறத் துணியேன். அது மருத்துவர் ஆராய வேண்டியது. ஆனால் மாசுக்காற்று இழுப்பு நோயை மோசமாக்கும் என்பது உலகெங்கும் ஐயமற நிறுவப்பட்ட உண்மை. அதற்குப் பன்னிரண்டு கன்றுகளின் சாட்சியம் வேண்டியதில்லை.

ஆகவே, பரிசோதனை முடியும்வரை கைகட்டி நிற்க வேண்டியதுமில்லை. பாடசாலை வாயிலில் பிள்ளைக்குக் காத்திருக்கும் பெற்றோர் எஞ்சினை நிறுத்திவைக்கலாம். அண்மையிலுள்ளோர் நாலைந்து பிள்ளைகளை ஒரே வாகனத்தில் அனுப்பலாம், நடக்கக்கூடியோர் நடக்கலாம். உதிர்ந்த இலைகளையும் பிளாஸ்டிக் குப்பையையும் முற்றத்தில் எரிக்கும் வழக்கத்தைக் கைவிடலாம். வீதியை நோக்கிய சன்னலைப் பஸ் நெரிசல் மிகுந்த காலை வேளையில் மூடி, நண்பகலில் திறக்கலாம். இவையாவும் சிறியவை. பெரியவை நகரசபையாலும் அரசாங்கத்தாலும் ஆக வேண்டியவை; அவற்றைக் கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு, கேட்கவும் வேண்டும்.

மருமகளின் கொப்பியில் "காரணம்: பஸ் புகை" என்ற வரியை அவளே அடித்துவிட்டு, "காரணம்: இன்னும் தெரியாது. ஆராய்கிறோம்" என்று எழுதினாள். அதன் கீழே மகிழ்ச்சியுடன் கையெழுத்திட்டேன். கறுத்த துணியையும் அதே பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள்.

வரும் சனிக்கிழமை கன்றுகள் வாங்கச் செல்கிறோம். ஆறு மாதத்தின் பின் அளவுகள் எவ்வாறாயினும், நமக்குப் பிடித்தவையாயினும் பிடியாதவையாயினும், அவற்றை இதே பகுதியில் எழுதுவேன்.